கோட்டின் படித்திறன்: தாளில் 45 பாகை, கணக்கில் 2. எது சரி?

சாதாரணதரம்_களுவாஞ்சிக்குடி

சேர்மார், மிஸ்மார், ஒரு விளக்கம் வேணும். (0, 1), (3, 7) என்ட ரெண்டு புள்ளியையும் இணைக்கிற கோட்டுட படித்திறன் கேட்டிருக்கு. சூத்திரத்தில போட்டா 2 வருது. ஆனா வரைபுத் தாளில கீறி, பாகைமானி வெச்சுப் பார்த்தா கோடு எக்ஸ் அச்சோட சரியா 45 பாகையில நிக்கிது. 45 பாகைட தாஞ்சன் 1 தானே. கூடப் படிக்கிறவன் விடை 1 என்டுதான் நிக்கிறான். அளவிடை இதுதான்: எக்ஸ் அச்சில 1 சென்ரிமீற்றருக்கு 1 அலகு, வை அச்சில 1 சென்ரிமீற்றருக்கு 2 அலகு.

இன்னொண்டு. (−3, 5), (2, −5) க்கு எனக்கு 10 வருது. விடைத்தாளில −2 என்டு கிடக்கு.

கணிதம்_மிஸ்_கல்லடி

மகன், 2 தான் சரி. கோடும் சரியாகத்தான் கீறியிருக்கிறீர். பாகைமானியை மட்டும் எடுத்து வையும்.

எக்ஸ் ஒரு அலகு கூடும்போது வை எத்தனை அலகு கூடுகிறது என்பதுதான் படித்திறன். உமது கோட்டில் எக்ஸ் 0 இலிருந்து 3 வரை போகிறது, 3 அலகு. வை 1 இலிருந்து 7 வரை போகிறது, 6 அலகு. 6 ÷ 3 = 2. தாளில் இந்த 6 அலகும் 3 சென்ரிமீற்றருக்குள் அடங்கிவிட்டது, ஏனென்றால் வை அச்சில் ஒரு சென்ரிமீற்றருக்கு 2 அலகு கொடுத்திருக்கிறீர். எக்ஸ் பக்கமும் 3 சென்ரிமீற்றர். அதனால்தான் கண்ணுக்கு 45 பாகை. வை அச்சில் 1 சென்ரிமீற்றருக்கு 6 அலகு என்று மாற்றிக் கீறிப் பாரும், அதே கோடு 18 பாகை அளவில் படுத்துவிடும். படித்திறன் அப்போதும் 2.

சதுரங்களை எண்ணி விடை எழுதும் பிள்ளைகளுக்கும் இதே பிழைதான் வருகிறது. மேலே 30 சின்னச் சதுரம், பக்கவாட்டில் 30 சின்னச் சதுரம், ஆகவே 1 என்று எழுதிவிடுகிறார்கள். சதுரத்தை எண்ணலாம், ஆனால் பிரிப்பதற்கு முன் இரண்டையும் அந்தந்த அச்சின் அலகுக்கு மாற்ற வேண்டும்.

இரண்டாவது கணக்கு. ஆள்கூறுகளை அடைப்போடு பிரதியிட்டு ஒரு வரி எழுதும், சுருக்குவது அடுத்த வரியில்:

(−5 − 5) ÷ (2 − (−3))
= −10 ÷ 5
= −2

நீர் பகுதியெண்ணில் 2 − 3 என்று போட்டிருப்பீர். அது −1 ஆகி, −10 ÷ −1 = 10 வந்திருக்கும். −3 ஐக் கழிக்கும்போது அதன் குறி அதோடு போக வேண்டும். எந்தப் புள்ளியில் தொடங்கினாலும் பிழையில்லை. ஆனால் மேலே எந்தப் புள்ளியில் தொடங்குகிறீரோ கீழேயும் அதே புள்ளியில் தொடங்க வேண்டும். மேலே முதலாவதில் தொடங்கிக் கீழே இரண்டாவதில் தொடங்கினால் எண் சரியாக வந்து குறி மட்டும் மாறிப்போகும்.

விடை எழுதியதும் ஒரு பார்வை பாரும். இடமிருந்து வலம் போகும்போது எக்ஸ் −3 இலிருந்து 2 க்குக் கூடுகிறது, வை 5 இலிருந்து −5 க்கு இறங்குகிறது. இறங்குகிற கோட்டுக்கு நேர்ப் படித்திறன் வரவே வராது. 10 என்ற விடையை அந்த இடத்திலேயே பிடித்திருக்கலாம்.

சாதாரணதரம்_களுவாஞ்சிக்குடி

விளங்கிற்று மிஸ். அப்ப படித்திறன் = தாஞ்சன் கோணம் என்டு கொப்பியில எழுதினது பிழையா?

இணைந்தகணிதம்_மட்டுநகர்

பிழையில்லை தம்பி. இரண்டு அச்சிலும் ஒரே அளவிடை இருந்தால் மட்டும் அது தாளில் அளக்கக்கூடிய கோணம். அப்போது உங்கள் கோடு 63.4 பாகையில் நிற்கும், கல்குலேற்றரில் தாஞ்சன் 63.4 அடித்தால் 2 வரும். அச்சுகளின் அளவிடை வேறு வேறாக இருந்தால் பாகைமானியால் எதையும் எடுக்கக் கூடாது.

செங்குத்துக் கோடுகளிலும் இதே சிக்கல் வரும். உயர்தரத்துக்கு வருகிறவர்கள் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. படித்திறன்கள் 2, −1/2 உள்ள இரு கோடுகள் ஒன்றுக்கொன்று செங்குத்து, பெருக்கம் −1. உங்கள் தாளில் அவற்றைக் கீறினால் ஒன்று 45 பாகை ஏறும், மற்றது 14 பாகை இறங்கும், இடையில் தெரிவது 59 பாகை. அதைப் பார்த்து "செங்குத்து இல்லை" என்று எழுதினால் கணக்குப் போச்சு.

பெருக்கம் ஏன் −1 என்பதையும் ஒரு தரம் கீறிப் பாருங்கள். 1 வலம், 2 மேல் என்று போகும் முக்கோணத்தை 90 பாகை இடப்பக்கமாகத் திருப்புங்கள். வலம் போன 1 இப்போது மேலே போகிறது, மேலே போன 2 இடப்பக்கம் போகிறது. 1 ÷ (−2). பாடமாக்கத் தேவையில்லை.

மூன்று புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா என்று கேட்டால் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் ஒரு படித்திறன், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் ஒரு படித்திறன் எடுங்கள். இரண்டும் சமம் என்பதோடு "இரண்டாவது புள்ளி இரண்டு கோட்டுக்கும் பொது" என்ற வரியையும் எழுத வேண்டும். அதை விட்டால் சமாந்தரக் கோடுகளுக்கும் அதே வாதம் பொருந்திவிடும்.

திருக்கோவில்_வாசகன்

(4, 1), (4, 7) மாதிரி நிலைக்குத்துக் கோடு வந்தால் முடிவிலி என்று எழுதலாம்தானே? பல இடங்களில் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

கணிதம்_மிஸ்_கல்லடி

"வரையறுக்கப்படவில்லை" என்றே எழுதுங்கள். 6 ÷ 0 க்கு விடை கிடையாது. முடிவிலி என்று வைத்துக்கொண்டால் அது நேரா மறையா என்ற கேள்வி உடனே வரும். இரண்டாவது புள்ளியைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தி (4.01, 7) என்று எடுங்கள், படித்திறன் 600. இடப்பக்கம் நகர்த்தி (3.99, 7) என்று எடுங்கள், −600. நிலைக்குத்துக் கோடு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எந்தக் குறியைக் கொடுப்பது?

கிடைக்கோட்டுக்குப் படித்திறன் 0. இதையும் "இல்லை" என்று எழுதுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். 0 ஒரு விடை. எக்ஸ் எவ்வளவு கூடினாலும் வை மாறவில்லை என்று அது சொல்கிறது.

இணைந்தகணிதம்_மட்டுநகர்

மிஸ் சொல்வதோடு உடன்பாடுதான். வகையீடு படிக்கும்போது "முடிவிலியை நோக்கிச் செல்கிறது" என்ற சொல்லாட்சி வரும். அது எல்லை பற்றிய பேச்சு. சாதாரணதர விடைத்தாளில் அதைக் கொண்டுவந்து கலக்கத் தேவையில்லை.

கூரைபாஸ்_வாழைச்சேனை

கூரை வேலையில இந்தக் கணக்குப் பிழைச்சா ஓட்டுக்குள்ளால தண்ணி வரும், அதால ஒரு வார்த்தை. வீட்டு அகலம் 20 அடி, முகடு சுவர் மட்டத்தில இருந்து 5 அடி உயரம். சரிவு எவ்வளவு என்டு கேட்டா கனபேர் 5 க்கு 20, அதாவது நாலிலொண்டு என்டு சொல்றாங்க. பிழை. முகடு நடுவில நிக்கிது, ஒரு பக்கக் கூரை கடக்கிற கிடைத்தூரம் 10 அடிதான். 5 ÷ 10 = 1/2, கிட்டத்தட்ட 26.6 பாகை. நாலிலொண்டு என்டா 14 பாகை. பீலி ஓட்டுக் கூரையை 14 பாகையில போட்டா மாரிக் காத்து மழையைத் தள்ளிக்கொண்டு ஓட்டுக்கடியால ஏத்திரும்.

கைமரத்து நீளம் 10 அடி இல்ல. 10 வர்க்கம், 5 வர்க்கம் கூட்டி 125, வர்க்கமூலம் 11.18 அடி. தாழ்வாரத்துக்கு வேற கூட்டணும். சிலபேர் ரேப்பைக் கைமரத்தோட பிடிச்சு 5 ÷ 11.18 = 0.447 என்டு சரிவு எடுக்கிறாங்க. அது சைன். கீழே வரவேண்டியது கிடையா அளந்த தூரம், சரிவோட அளந்த தூரம் இல்ல.

வாசல் றாம்புக்கு இந்த வித்தியாசம் பெரிசாத் தெரியாது. சக்கர நாற்காலிக்கு வழக்கமான 1 க்கு 12 இல, 12 அடி கிடைக்குச் சரிவோட அளந்தா 12.04 அடி. வாசல் தரையில இருந்து 45 சென்ரிமீற்றர் உயரம் என்டா 12 ஆல பெருக்கி 5.4 மீற்றர் நீளம் வேணும். இடமில்லை என்டு 3 மீற்றரில முடிச்சா 1 க்கு 6.7 ஆயிரும், நாற்காலியைத் தள்ளுறவருக்குத் துணைக்கு ஆள் வேணும்.

சாதாரணதரம்_களுவாஞ்சிக்குடி

பாஸ், 1 க்கு 12, 8 வீதம், 5 பாகை என்டு ஒவ்வொருத்தர் ஒவ்வொண்டு சொல்றாங்க. எல்லாம் ஒண்டா?

லெவல்_அக்கரைப்பற்று

எல்லாம் ஒண்டுதான் தம்பி, எழுதுற விதம் வேற. 1 ÷ 12 = 0.0833. நூறால பெருக்கினா 8.33 வீதம். கோணமா எடுத்தா 4.76 பாகை. 100 வீதம் என்டா நிலைக்குத்து என்டு நினைச்சிராதீங்க, அது 45 பாகை. ஒரு மீற்றர் போக ஒரு மீற்றர் ஏறுது, அவ்வளவுதான். 200 வீதமும் வரும்.

எண்ணைப் பார்த்து எது செங்குத்து, எது சமதரை என்டு கணிக்கப் பழகணும். மலைநாட்டு ரயில் பாதையில 1 க்கு 44 ஏத்தம் இருக்கு. வீதமாச் சொன்னா 2.27, கோணம் வெறும் 1.3 பாகை. கண்ணுக்குச் சமதரை மாதிரி. ஆனா ரயிலுக்கு அது கடும் ஏத்தம். நம்மட கரையோரத் தரை 1 க்கு 400, 1 க்கு 1000 என்டெல்லாம் கிடக்கும். வெறுங்கண்ணுக்கு எந்தப் பக்கம் சரிவு என்டே பிடிபடாது. லெவலும் (மட்டம் பார்க்கிற கருவி) ஸ்ராஃபும் (அளவு குறிச்ச, நிமித்திப் பிடிக்கிற கோல்) இல்லாம, இல்லாட்டி ரியூப்பில தண்ணி நிரப்பிப் பார்க்காம, வாய்க்கால் வெட்டத் தொடங்கக் கூடாது.

வரைபடம் வாசிக்கையில ஒண்டைக் கவனிங்க. றாம்ப், றோட்டு, பைப் எல்லாத்துக்கும் நிலைக்குத்தை முதல்ல எழுதுவாங்க, 1 க்கு 12. வாய்க்கால் கரை, குளக்கட்டுச் சரிவில கிடையை முதல்ல எழுதுற வழக்கம் இருக்கு. 2 க்கு 1 என்டா 2 கிடை, 1 நிலைக்குத்து. மாறி வாசிச்சா படித்திறன் 1/2 க்குப் பதிலா 2, கட்டு நிக்காம இடிஞ்சு விழும். படத்தில சின்ன முக்கோணம் கீறி எண் போட்டிருப்பாங்க, அதைப் பார்த்து உறுதி பண்ணிக்கொள்ளுங்க.

பௌதிகம்_கல்முனை

உயர்தரச் செய்முறைக்கு வருகிற பிள்ளைகளுக்காக. படித்திறனுக்கு அலகு உண்டு, அதைத்தான் அதிகம் விட்டுவிடுகிறார்கள். இடப்பெயர்ச்சி–நேர வரைபில் அது மீற்றர்/செக்கன், அதாவது வேகம். தாங்கியிலிருந்து தண்ணீர் வடிகிற வரைபில் −15 லீற்றர்/நிமிடம் என்று வந்தால் மறைக்குறி வடிவதைச் சொல்கிறது, 15 எவ்வளவு விரைவாக என்பதைச் சொல்கிறது. அலகில்லாமல் வெறும் −15 என்று எழுதினால் பாதி விடை.

எளிய ஊசலை எடுப்போம். அலைவுகாலத்தின் வர்க்கத்தை வை அச்சிலும் ஊசலின் நீளத்தை எக்ஸ் அச்சிலும் குறித்தால் நேர்கோடு வரும். அதன் படித்திறன் 4 × பை வர்க்கம் ÷ புவியீர்ப்பு ஆர்முடுகல். 4 × பை வர்க்கம் என்பது 39.48. ஆகவே 39.48 ஐப் படித்திறனால் பிரித்தால் ஆர்முடுகல் கிடைக்கும்.

சிறந்த கோட்டைக் கீறிய பிறகு புள்ளிகளைக் கோட்டின் மேலிருந்து எடுக்க வேண்டும். அட்டவணையில் உள்ள இரண்டு வாசிப்புகளை எடுத்துப் பிரித்தால் கோடு கீறியதே வீண். மற்ற வாசிப்புகள் எல்லாம் கணக்கில் இல்லாமல் போய்விடும்.

எடுக்கிற இரண்டு புள்ளிகளும் எவ்வளவு தூரத்தில் இருக்க முடியுமோ அவ்வளவு தூரத்தில் இருக்கட்டும். கோட்டில் (0.30, 1.21), (0.95, 3.82) எடுத்தால் 2.61 ÷ 0.65 = 4.015, ஆர்முடுகல் 9.83. (0.60, 2.41), (0.70, 2.81) எடுத்தால் 0.40 ÷ 0.10 = 4.0, ஆர்முடுகல் 9.87. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று தோன்றும். இப்போது வை வித்தியாசத்தை வாசிப்பதில் 0.05 பிழை என்று வையுங்கள். தூரப் புள்ளிகள் தருகிற பெரிய முக்கோணத்தில் ஆர்முடுகல் 9.65 க்கும் 10.02 க்கும் இடையில் நிற்கும். சின்ன முக்கோணத்தில் 8.77 இலிருந்து 11.28 வரை ஓடும். பிழை ஒன்றே, அதைத் தாங்குகிற வித்தியாசம்தான் சிறிது.

படித்திறனால் விடை எடுப்பதில் இன்னொரு நன்மை இருக்கிறது. ஊசலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்க வேண்டும். ஒரு பிள்ளை நூலை மட்டும் அளந்து, குண்டின் ஆரை 1 சென்ரிமீற்றரை விட்டுவிட்டது என்று வையுங்கள். எல்லா நீளமும் ஒரே 0.01 மீற்றரால் குறையும், கோடு அப்படியே இடப்பக்கம் நகரும். படித்திறன் மாறாது, ஆர்முடுகலும் பிழைக்காது. கோடு உற்பத்திக்குள்ளால், அதாவது (0, 0) புள்ளிக்குள்ளால், போகாமல் வை அச்சை 0.04 அளவில் வெட்டும், அவ்வளவுதான். அந்த வெட்டுத்துண்டைப் படித்திறனால் பிரித்தால் விடுபட்ட 0.01 மீற்றர் திரும்பக் கையில் வரும். ஒரு வாசிப்பை மட்டும் வைத்துப் பிரித்திருந்தால் இந்தப் பிழை விடைக்குள் போய் ஒளிந்திருக்கும்.

இதனால்தான் கோட்டை வலுக்கட்டாயமாக உற்பத்தியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டாம் என்கிறோம்.

திருக்கோவில்_வாசகன்

சேர், எக்ஸ் அச்சு 0 இல் தொடங்காத வரைபில் வெட்டுத்துண்டை நேரே வாசிக்கலாமா?

பௌதிகம்_கல்முனை

கூடாது. எக்ஸ் 0.20 இல் தொடங்கினால் அங்கே வை அச்சை வெட்டுகிற பெறுமானம் வெட்டுத்துண்டு ஆகாது. படித்திறனை முதலில் எடுத்து, கோட்டிலுள்ள ஒரு புள்ளியைச் சமன்பாட்டில் பிரதியிட்டு வெட்டுத்துண்டைக் கணியுங்கள். படித்திறனுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அச்சு எங்கே தொடங்கினாலும் வித்தியாசம் வித்தியாசம்தான்.

வளவுக்காரர்_ஆரையம்பதி

லெவல் நானா, நேரா விசயத்துக்கு வாறன். வளவு 60 மீற்றர் நீளம். லெவலை ஒரே இடத்தில வெச்சு எடுத்த ஸ்ராஃப் வாசிப்பு: 0 மீற்றரில 1.245, 20 இல 1.230, 40 இல 1.340, 60 இல 1.395. கழிவறைப் பைப் 4 அங்குலம், கடைசி வரைக்கும் கொண்டுபோகலாமா? மழைத் தண்ணிக்கும் ஒரு கொங்கிறீற்றுக் கான் வெட்டணும்.

லெவல்_அக்கரைப்பற்று

முதல்ல குறி. ஸ்ராஃப் வாசிப்புக் கூடினா தரை பள்ளம். 1.245 இல இருந்து 1.395 ஆகியிருக்கு, தரை 15 சென்ரிமீற்றர் இறங்கியிருக்கு. வாசிப்புக் கூடிற்று, ஆகவே ஏத்தம் என்டு எடுத்தா கான் எதிர்ப்பக்கம் ஓடும்.

மொத்தச் சரிவு 0.150 ÷ 60, அதாவது 1 க்கு 400. ஆனா அது ரெண்டு முனைக்கும் இடையில உள்ள சராசரி. துண்டு துண்டாப் பாருங்க. முதல் 20 மீற்றரில தரை 1.5 சென்ரிமீற்றர் ஏறுது. அடுத்த 20 இல 11 சென்ரிமீற்றர் இறக்கம், 1 க்கு 182. கடைசி 20 இல 5.5 சென்ரிமீற்றர், 1 க்கு 364. முனை ரெண்டையும் மட்டும் அளந்து தரையோட கான் போட்டிருந்தா முதல் 20 மீற்றரில தண்ணி வீட்டுப் பக்கம் தேங்கி நிண்டிருக்கும். சேர் பெரிய முக்கோணம் எடுக்கச் சொன்னது நேர்கோட்டுக்கு. தரை நேர்கோடு இல்ல, அதுக்கு இடையிடையே வாசிப்பு வேணும்.

கழிவறைப் பைப். 4 அங்குலத்துக்கு 1 க்கு 40 வழக்கம், 6 அங்குலத்துக்கு 1 க்கு 60. 60 மீற்றரும் கொண்டுபோனா பைப் 1.5 மீற்றர் இறங்கணும், தரை தருவது 15 சென்ரிமீற்றர் மட்டும். தொடக்கத்தில 45 சென்ரிமீற்றர் ஆழத்தில பைப் கிடந்தா கடைசியில 0.45 + 1.50 − 0.15 = 1.80 மீற்றர் ஆழம். எழுவான்கரை, அதாவது நம்மட கடலோரப் பக்க, மணலில மாரி காலத்தில அந்த ஆழம் தண்ணிக்குள்ளதான். கழிவறைக் குழியை 15 மீற்றருக்குள்ள கொண்டு வாங்க. இறக்கம் 37.5 சென்ரிமீற்றர், தரை அந்த இடத்தில கிட்டத்தட்ட 1 சென்ரிமீற்றர் உயரம், பைப் ஆழம் 84 சென்ரிமீற்றர் அளவில நிக்கும். கிணத்துக்கும் குழிக்கும் எவ்வளவு தூரம் விடணும் என்டு வெட்ட முதல் உங்கட பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிட்டக் கேளுங்க.

மழைத் தண்ணிக் கானுக்கு 1 க்கு 400 போதும். 20 மீற்றருக்கு 5 சென்ரிமீற்றர் இறக்கம். தொடக்கத்தில அடித்தளம் 10 சென்ரிமீற்றர் ஆழம் என்டு வெச்சா, 20 மீற்றரில 16.5, 40 இல 10.5, 60 இல 10 சென்ரிமீற்றர் வெட்டணும். ஆழம் ஒரே மாதிரி வராது, வரவும் கூடாது, தரை மேடு பள்ளமாக் கிடக்கு.

வெட்டினாப் பிறகு லெவலை அசைக்காம அடித்தளத்தில ஸ்ராஃப் வெச்சுப் பாருங்க. 1.345, 1.395, 1.445, 1.495 வரணும். ஒவ்வொரு 20 மீற்றருக்கும் 5 சென்ரிமீற்றர் கூடினா அடி நேர்கோடு. 20 மீற்றரில 1.395 க்குப் பதிலா 1.380 என்டு வந்தா அந்த இடத்தில 1.5 சென்ரிமீற்றர் இன்னும் தோண்டணும். லெவலை வேற இடத்துக்கு மாத்தினா இந்த எண்களெல்லாம் மாறும், அப்ப ஏற்கனவே வாசிச்ச ஒரு இடத்தைத் திரும்ப வாசிச்சு, வித்தியாசத்தை மத்த எல்லாத்துக்கும் கூட்டிக்கொள்ளுங்க. கொங்கிறீற்றுப் போடுறது அதுக்குப் பிறகு.